கையை எடுத்தால் கழன்றுவிடும்

வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, யோகராணி காரின் பொனட்டைத் தூக்கி முட்டுக்கம்பியில் நிறுத்தினாள். வீட்டுக்குள்ளே பெட்டியின் தலைமாடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பெரிய வாக்குவாதம். பெட்டியும் அதற்குள் அவளுடைய கணவர் குணரத்தினமும் இன்னும் வந்து சேரவில்லை. சவக்கார் வந்ததும் கிரியைகளை வீட்டில் முடித்துக்கொண்டு, மனுகாவ் பக்கத்திலுள்ள தகனச்சாலைக்குப் போக வேண்டும்.

"பிள்ளை, உமக்கென்ன விசரே?" வாசற்படியில் நின்று கேட்டார் இராசநாயகம். குணரத்தினத்தின் தமையன். விடியவே பக்குரங்காவிலிருந்து வந்து, யாரும் கேட்காமலே எல்லாப் பொறுப்பையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவர்.

"விசர் இல்லைப் பெரியத்தான். லைற் எரியுது, பாக்கிறன்."

காலையில், வரப்போகும் சவக்காருக்கு இடம்விடக் காரை நகர்த்தப் போனபோதுதான் எஞ்சின் கோளாற்றைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் இருமி, கறுப்புப் புகை கக்கி, இரண்டு தரம் நின்றும் போனது. பெரியத்தானுக்கு அது நல்ல சாட்டாகிவிட்டது.

"அதுதான் சொல்லுறன். இந்தக் காரை நம்பிப் போகேலாது. அதோட, பெண்டுகள் சுடலைக்குப் போறது எங்கட வழக்கமில்லை. நீர் வீட்டில இரும்."

"சுடலையோ? போய்ப் பாத்தனீங்களே? கார்ப்பெற் போட்டு, ஹீற்றர் போட்டு, கதிரையெல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். பெண்டுகள் வரக்கூடாதெண்டால் அவ்வளவு கதிரை ஏன்?"

அவர் காரை ஒருதரம் சுற்றி வந்தார். பிறகு, "லைற் எரியிற காரில நான் ஒருத்தரையும் ஏத்த மாட்டன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தலைமாட்டு வழக்கைக் கவனிக்க உள்ளே போனார்.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக் கோதண்டராமன், சென்னைக்காரர், தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார்.

"அக்கா, என் வண்டி சும்மாதான் நிக்குது. நான் கூட்டிட்டுப் போறேன். இந்த நேரத்துல நீங்க ஏன் கஷ்டப்படணும்?"

"பெரிய உபகாரம் தம்பி. உங்கட காரில மற்ற ஆக்கள் ஏறட்டும். நான் என்ர காரில வாறன்."

அந்தக் குடும்பத்தில் ஓட்டுவது அவள், திருத்துவது அவர். இந்த நாட்டுக்கு வந்து மவுண்ட் ரோஸ்கிலில் குடியேறிய புதிதில் லைசென்ஸ் சோதனையில் இரண்டு தரம் கோட்டைவிட்டபின் குணரத்தினம் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. மனைவி ஓட்டப் பக்கத்தில் இருக்கிறாரே என்று யாராவது சிரித்தால், "நான் டிரைவர் வைச்சிருக்கிற ஆள்" என்பார். வேலைக்கும் கோயிலுக்கும் அவள்தான் கொண்டுபோய் விட்டாள். முந்தாநாள் அவர் நெஞ்சைப் பிடித்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓட்டியதும் அவள்தான். கடைசியாக ஒருதரம் ஓட்டுகிற உரிமையும் தனக்குத்தான் என்பது அவள் கட்சி. பெட்டியை ஏற்றிப் போவது கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரனின் வேலை. சரி, அதை விட்டுக்கொடுக்கலாம். பின்னால் போகிற காரை இன்னொருவர் கையில் கொடுக்க அவள் தயாராயில்லை.

எஞ்சின் ஓரத்தில் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றில் குறித்த இரண்டைக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். எத்தனை தரம் சிமிட்டுகிறது என்று எண்ணினால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். ஜப்பானிலிருந்து பழைய காராக வந்து இறங்கிய அதன் புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. யாரிடமோ கேட்டு இந்த வித்தையைப் பழகிக்கொண்டு வந்தவர் குணரத்தினம்.

வேலையும் இரண்டு பேருக்குப் பிரித்திருந்தது. அவர் பொனட்டுக்குள் தலையை விட்டுக் கம்பியைப் பிடித்திருப்பார். அவள் டிரைவர் சீற்றில் இருந்து எண்ணுவாள். அடுப்பில் கறி கொதிக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார். "இஞ்சாரும், ஒருக்கா வாரும். உம்மட கொண்டைக் கிளிப் ஒண்டும் தாரும்." நீங்களே எட்டிப் பார்த்தால் என்ன என்று கேட்டால், ஒரே பதில். "கையை எடுத்தால் கழண்டு போகும்."

யோகராணி சாவியைத் திருப்பிவிட்டு வந்தாள். கொண்டையிலிருந்து ஒரு கிளிப்பை உருவினாள். அவளுடைய கிளிப் எல்லாவற்றின் முனையிலும், மின்சாரம் பாய்வதற்காக, பெயின்றைச் சுரண்டி வைத்திருந்தார் மனிதர். அதை விரித்து இரண்டு ஓட்டைகளிலும் செருகி, அவர் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டாள். தூக்கிய பொனட் டாஷ்போர்டை மறைத்தது.

"கஜானி! பிள்ளை, ஒருக்கா வெளியில வா!"

மகள் குளித்துக்கொண்டிருந்தாள் போலும். உள்ளே பெண்கள் தேவாரம் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் யாருக்கும் எட்டவில்லை. இந்த நாட்டில் ஆடி மாதம்தான் கடுங்குளிர்; கை மரத்துப்போனது. வேறு வழியில்லை. விழுந்தால் திரும்பச் செருகுவோம் என்று விரலை மெல்ல எடுத்தாள்.

கிளிப் விழவில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். ஆணி அடித்ததுபோல நின்றது.

சுற்றிப் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். விளக்கு தன்பாட்டில் சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தரம், ஒரு சின்ன இடைவெளி, பிறகு இரண்டு தரம். கொஞ்சம் ஓய்ந்துவிட்டுத் திரும்பவும் அதே கணக்கு. ஒருவரும் பிடிக்க வேண்டியதில்லை, ஒருவரும் எண்ணிச் சொல்ல வேண்டியதுமில்லை. பொழுதுபடும்வரை அது அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏழு வருசமாக இதற்கா அவளை அடுப்படியிலிருந்து இழுத்தார்?

"பிழைச்சுப் போச்சு, திருப்பி எண்ணும்" என்பார். அவள் எரிச்சலோடு திருப்பி எண்ணுவாள். நடுவில் பேச்சுக் கொடுப்பார். வீட்டுக்குள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற மனிதர், பொனட்டுக்குள் தலை போனதும் வாய் திறப்பார். தொழிற்சாலையில் தன் பெயர் வாயில் நுழையாமல் 'கஸ்' என்று கூப்பிடுகிறார்கள் என்று சொன்னது அங்கிருந்துதான். இந்த நாட்டுக்கு வந்தது சரியோ பிழையோ என்று கேட்டதும் அங்கிருந்துதான். ஒருநாள், கல்யாணம் ஒன்று முடிந்து ஒரு மாதமானபின், "அண்டைக்கு உடுத்த அந்தப் பச்சைச் சேலை உமக்கு நல்லாயிருந்தது" என்று ரேடியேற்றருக்குச் சொன்னார். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். கறி அடிப்பிடிக்கிறது என்று அவள் பாதியில் எழுந்து ஓடிய நாட்களும் உண்டு.

"கள்ளன்" என்றாள். "சுத்தக் கள்ளன்!"

அடுத்த கணம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சத்தம் கேட்டு இராசநாயகம் ஓடி வந்தார். பின்னாலேயே ஈரத் தலையோடு கஜானி.

"அம்மா, ஆர் யூ ஓகே?"

"பிள்ளைக்கு மண்டை கலங்கீட்டுது. தண்ணி கொண்டாங்கோ!" என்றார் பெரியத்தான்.

"எனக்கொண்டுமில்லை." அவள் முகத்தைத் துடைத்தாள். "ரெண்டும் ரெண்டும். போன மாரியிலயும் இதுதான். தண்ணிச் சூட்டைப் பாக்கிற சாமானில பிழை. கஜானி, என்ர நகம் அராவுறதை எடுத்துக்கொண்டு வா."

ரேடியேற்றரின் மேல் குழாய் எஞ்சினில் சேருகிற இடத்தில் ஒரு பச்சைப் பிளக் இருந்தது. சாவியை அணைத்துவிட்டு அதைக் கழற்றினாள். உள்ளே கம்பிகளில் பச்சைப் பாசிபோல் களிம்பு. நகம் அராவுகிற தகட்டால் பளபளக்கும்வரை சுரண்டி, ஊதி, 'டிக்' என்று கேட்கும்படி திரும்ப மாட்டினாள். கிளிப்பை உருவிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். எஞ்சினுக்குரிய பியூசைக் கழற்றி, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் போட்டாள். காரின் பழைய நினைப்பு அழிவதற்கு அதுதான் மருந்து என்று அவர் சொல்லியிருந்தார். சாவியைத் திருப்பியதும் கார் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. புகையில்லை, இருமலில்லை. மஞ்சள் விளக்கு ஒருதரம் எரிந்து அணைந்தது.

"இனிச் சொல்லுங்கோ பெரியத்தான்."

இராசநாயகம் டாஷ்போர்டைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அணைஞ்சுதான் போச்சு" என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் அவர் சுடலைப் பேச்சை எடுக்கவில்லை.

சவக்கார் வந்தது. தலைமாடு ஒருவழியாக முடிவாகியிருந்தது. தேவாரம் பாடினார்கள், ஐயர் அவசரப்படாமல் கிரியைகளைச் செய்தார். வாய்க்கரிசி போட யோகராணியின் முறை வந்தபோது, இரண்டு தரம் சோப் போட்டும் அவள் விரலிடுக்கில் கறுப்பு எண்ணெய் போகாமல் கிடந்தது. இந்தக் கையோடு சோற்றுப் பானையைத் தொடாதேயுங்கோ என்று எத்தனை நாள் அவரை ஏசியிருக்கிறாள். அந்த விரல்களாலேயே அரிசியை அள்ளி அவர் உதட்டில் வைத்தாள். அவர் முகத்தில் எப்போதும்போல ஒன்றும் தெரியாத பாவனை. "கள்ளன்" என்றாள் திரும்பவும், அவருக்கு மட்டும் கேட்க. பிறகுதான் அழுதாள், வாய்விட்டு, நன்றாக.

புறப்படும்போது இராசநாயகம் காரின் முன் கதவில் கை வைத்தார்.

"பெரியத்தான், நீங்கள் கஜானியோட பின்னுக்கு இருங்கோ."

அவர் பின்னால் ஏறினார். யோகராணி பக்கத்துச் சீற்றின் பெல்ற் சுருண்டு கிடந்ததை நேராக்கிவிட்டு, சவக்காரின் பின்னால் காரை எடுத்தாள். எஞ்சின் சீராக ஓடியது. டாஷ்போர்டில் எந்த விளக்கும் இல்லை.

சந்தியில் சிவப்பு விழுந்தது. முன்னால் சவக்கார் நின்றது. வலப்பக்கம் திரும்புவதற்கு அதன் சிக்னல் மின்னத் தொடங்கியது.

"ஒண்டு" என்றாள் யோகராணி. "ரெண்டு."

பின்சீற்றில் கஜானி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா?"

பச்சை விழும்வரை அவள் நிறுத்தவில்லை. பொனட்டுக்குள் தலையை விட்டிருக்கிற ஆளுக்குக் கேட்க வேண்டுமே என்பதுபோல, கொஞ்சம் உரத்தே எண்ணிக்கொண்டிருந்தாள்.