எழுதத் துணியாத விண்ணப்பம்

அக்காலத்தில் சட்டம் பயின்றோர் ஒரு மூத்த வக்கீலிடம் பயிற்சி பெற்றாலன்றி நீதிமன்றத்தில் வாதாட இயலாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு, தம் முப்பத்தாறாம் வயதில் பி.எல். தேறிய நூருல் அமீன், அப்பயிற்சியை வேண்டிச் சிதம்பரத்திலிருந்து கடலூர் வக்கீல்கள் அறுவருக்கு விண்ணப்பம் எழுதினார். 'இம்மாவட்டத்தில் தாங்களே தலைசிறந்தவர் என்றறிந்து, தங்களுக்கு மட்டுமே இதனை விடுக்கின்றேன்' என்னும் வாக்கியத்தை ஆறிலும் அழகுற அமைத்தார்.

அதனை வாசிக்கக் கேட்ட மனைவி சைதுன் பீவி, "ஆறு பேருக்கும் இதேதானா மச்சான்? அவுங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்களா?" என்றார்.

"பெரிய மனுசங்க புள்ள. அவுங்கவுங்க கடுதாசிய அவுங்கவுங்க படிப்பாங்க."

"நம்ம கடைத்தெருவுல அப்படியா நடக்குது?"

நூருல் அமீன் உறைகளை ஒட்டினார்.

பின்னர், தம் துணிக்கடையில் முழம் போடும்போதெல்லாம் அவர் கண் வாசலையே நாடிற்று. தபால்காரர் நாள்தோறும் கடையைக் கடந்து சென்றார், நிற்கவில்லை. மழைக்காலமும் தொடங்கிற்று. நேரில் கேட்டுவிடுவதென ஒருநாள் பேருந்தேறினார்.

கடலூர் நீதிமன்றம் அமைந்த மஞ்சக்குப்பத்தில் வக்கீல்கள் யாவரும் நண்பகலில் ஒரே அறையில், ஒரே மேசையைச் சுற்றித் தேநீர் அருந்துவர் என்பதை அன்றுதான் கண்டார். அவர் தம் பெயரைச் சொன்னவுடன் பழனிவேல் வக்கீல் எழுந்து நின்றார்.

"வாங்க பாய்! எங்க ஆறு பேருல யாரு தலைசிறந்தவருன்னு ஒங்களால இங்க தினம் சண்டை!"

அறை சிரிப்பால் அதிர்ந்தது. மூலையில் அமர்ந்திருந்த மூத்த வக்கீல் ராமாமிர்தம் மட்டும் சிரித்தாரில்லை.

"எனக்கு ஏன் போடல? நான் அவ்வளவு மட்டமா?"

உண்மையில் நூருல் அமீன் முதன்முதலில் ராமாமிர்தத்துக்குத்தான் எழுத அமர்ந்திருந்தார். 'மாட்சிமை தங்கிய' என்பதற்கு அப்பால் பேனா நகரவில்லை.

"ஒங்களுக்கு எழுத வரலீங்க ஐயா. மாமாவோட நில வழக்குக்குத் தொணையா வந்தப்ப, நீங்க பேசுனத கோர்ட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டேன். அப்ப எட்டாவதோட நின்னவன் நான். அன்னிக்கு ஆரம்பிச்சதுங்க படிப்பு."

"எந்த வழக்கு?"

"சேத்தியாத்தோப்பு வாய்க்கா வழக்கு. நீங்க தோத்துட்டீங்க."

மீண்டும் சிரிப்பெழுந்தது. இம்முறை ராமாமிர்தமும் சிரித்தார்.

"தோத்தாலும் அந்தப் பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடங்க" என்றார் நூருல் அமீன்.

"ஏற்கனவே ரெண்டு ஜூனியர் இருக்காங்க பாய். இன்னொரு நாற்காலிக்கு எடமில்ல."

"நிக்கிறேங்க. நின்னுதானே கேட்டேன்."

ராமாமிர்தம் எழுந்து கறுப்பு அங்கியை அணிந்தார். வாசலருகே திரும்பி, மேசைமீதிருந்த வழக்குக் கட்டைச் சுட்டினார்.

"அத யாரு எடுத்தாருவா?"

நூருல் அமீன் அதை மார்போடு அணைத்தவாறு நீதிமன்றத்தினுள் நுழைந்தார். அந்தச் சன்னல் அங்கேயே இருந்தது. உள்ளிருந்து நோக்க, மிகச் சிறியதாய்த் தோன்றிற்று. அதற்கப்பால் மழை பெய்துகொண்டிருந்தது.