பந்துக்கடியில் ஒரு பொட்டு

கோல்ஃப் மட்டையை வீசும்போது தலையைத் தூக்கக்கூடாது. பந்து போன பிறகும் அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோலார் தங்கவயல் ஊரிகத்தில் இது சுந்தரியைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அப்படியும் ஒவ்வொரு முறையும் தூக்கினாள். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையரானவள். தெரிந்தே தப்புப் போடுகிற பிள்ளைகளைக் கொஞ்சமா திட்டியிருப்பாள்!

தூக்காமல் என்ன செய்வாள்? பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க அவளை விட்டால் ஆளில்லை. முன்பு பியாட்ரிஸ் அக்கா இருந்தாள். ஞாயிறு தவறாமல் இருவரும் சேர்ந்து ஆடுவார்கள். "நீ தலையத் தூக்காத, நான் பாத்துகினு இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வரும். சுந்தரி நிம்மதியாகக் குனிந்தே இருப்பாள். அக்கா பெங்களூரில் மகள் லவினாவின் வீட்டோடு போய் இரண்டு வருடமாகிறது. அதோடு சுந்தரியின் ஆட்டமும் போயிற்று, பேச்சுத் துணையும் போயிற்று.

இந்த ஞாயிறு அக்கா வருகிறாள். ஆட்டம் பழையபடி இருந்தால் மாதம் ஒரு முறையாவது ரயிலேறி வருவாள் என்று சுந்தரி மனக்கோட்டை கட்டியிருந்தாள். அவ்வளவு தூரம் வந்து புதரில் பந்து தேடுவதுதான் வேலை என்றால் யார் திரும்பி வருவார்கள்?

ஆகவே பயிற்சி. சுரங்கக் குடியிருப்பிலிருந்த தன் லைன் வீட்டுக்குப் பின்னால், பந்தைத் தடுக்கக் கொடியில் பழைய சேலையைத் தொங்கவிட்டாள். கால்மிதியின் நடுவே தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் பந்தை வைத்தாள். அடித்ததும் பொட்டு கண்ணில் பட வேண்டும், அப்புறம்தான் நிமிரலாம். முதலில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் மெதுவாக வீசினாள். பிறகு தோள் வரை. அவசரம் தலைகாட்டினால் மறுபடி இடுப்புக்கே இறங்கினாள். கை உடம்பைவிட்டு விலகாதிருக்க அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டாள். காயப்போட்ட சேலையை எதற்கு இந்த அடி அடிக்கிறாய் என்று பக்கத்து வீட்டு ஜெயம்மா கேட்டுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமைக்குள் பொட்டு ஒவ்வொரு முறையும் தெரிந்தது. "தெரியுது" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சில நாள் அவள் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

ஞாயிறு காலை லவினா அக்காவைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் சாம்பியன் ரீப்ஸில் யாரையோ பார்க்கப் போனாள். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். முழங்கால் வலி, தான் ஆடவில்லை, கூடவே நடந்து வருவதாகச் சொன்னாள்.

மைதானத்து மண்ணில் பொட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு சுந்தரி அடித்தாள். சத்தம் சுத்தமாக வந்தது. தலை அசையவில்லை.

"எங்க போச்சுக்கா?"

"நேரா."

நேரே போய்த் தேடினார்கள். இல்லை. பந்து இடப்பக்கம் தைலமரத்தடியில், செம்மண்மேல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அங்கிருந்து அடித்ததற்கும் அக்கா நேராகத்தான் என்றாள். அது வலப்பக்கம் வெட்டவெளியில் கிடந்தது. சுந்தரி திரும்பிப் பார்த்தாள். அக்கா ஒவ்வொரு அடியையும் காலால் தடவித் தடவி வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு எப்பலேர்ந்துக்கா இப்டி?"

"ஒரு வருசம் ஆவுது. ஆபரேசன் பண்ணியும் தேறல. லவினா இனிமே இட்டுகினு வரமாட்டா. இன்னிக்கே சண்ட போட்டுதான் வந்தேன்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ தலையத் தூக்கிடுவே."

சுந்தரி மறுபடி பந்தின்முன் நின்றாள். மெதுவாக மட்டையை ஓங்கி வீசினாள். பந்து இருந்த இடத்தில் வெறும் மண்தான் இருந்தது. கண்ணில் நீர் முட்டியதில் அதுவும் மங்கலாயிற்று.

"எங்க போச்சுக்கா?"

"நேராதான், சுந்தரி."

வெகுநேரம் அவள் தலையைத் தூக்கவில்லை.