கவிழ்த்து வைத்த படகு

மாமியாருக்கு ஊரில் 'வானொலி' என்று பெயர். விடிந்தால் திறக்கும் வாய், படுத்தால்தான் மூடும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஏரி இன்று ஏரி மக்கள் கையில் இருப்பதே அந்த வாயால்தான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அவர்கள் காத்துவந்த தண்ணீரை அரசு பிடுங்கி வைத்துக்கொண்டது. ஏரி மக்களின் தலைவி என்ற முறையில் அவள்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். பேசிப் பேசியே அதிகாரிகளின் காதைப் புண்ணாக்கி, 'சரி, கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் முடிவு சொல்கிறோம்' என்ற அளவுக்காவது வாங்கி வந்தாள். அந்த 'அப்புறம்' இன்றைக்குத்தான். காலையிலேயே அதிகாரி வருகிறார்.

விடியும் நேரத்தில் மருமகள் வழக்கம்போலத் தன் சின்னப் படகில் காவல் சுற்றப் போனாள். ஏரியின் ஒரு மூலையில் நாணல் அடர்ந்த துறை உண்டு. மீன்கள் முட்டையிடும் காலத்தில் அதை மூடிவிடுவார்கள், யாரும் வலை போடக்கூடாது. அந்த நாணலுக்குள் ஒரு படகு அசைந்தது. எவன்டா அவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டாள். உட்கார்ந்திருந்தது மாமியார்! காலடியில் வயிறு புடைத்த ஒரு மீன்.

"ஒண்ணே ஒண்ணுதான்டி," என்றாள் மாமியார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலேருந்து உங்க மாமா சோத்தைத் தொடல. மீன் இருந்தா ஒரு வாய் சாப்பிடுறேன்னாரு. ரெண்டு நாளா வெளித்தண்ணியில வலை போட்டும் ஒண்ணும் விழல. புத்தி கெட்டுப்போச்சு."

மாமா எலும்பும் தோலுமாகக் கிடப்பதை மருமகளும்தானே பார்க்கிறாள்! ஆனால் ஏரி மக்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மூடிய துறையில் பிடிபட்டவரின் படகை, பிடித்தவரே கரையில் கவிழ்த்து வைக்க வேண்டும். துறை திறக்கும்வரை அதை யாரும் நிமிர்த்தக் கூடாது. அதுவரை சொந்தக்காரர் ஏரிக்கரையில் வாயைத் திறக்கக் கூடாது. அடி, அபராதம், வசவு ஒன்றும் கிடையாது. போயும் போயும் இன்றைக்கா இது நடக்க வேண்டும்! மற்றவர்களுக்கெல்லாம் அதிகாரியைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாமியார் பேசாவிட்டால் ஏரி போச்சு.

"சாயங்காலமாக் கவுத்துக்கலாமா அத்தை?"

மாமியார் மீனைத் தூக்கித் தண்ணீரில் விட்டாள். அது சற்று நேரம் சாய்ந்து மிதந்துவிட்டு, வாலை அடித்துக்கொண்டு உள்ளே போனது.

"வேற யாராவது இருந்தா சாயங்காலம் வரைக்கும் விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்னடி கேள்வி?"

படகைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கனத்த படகு, ஒருத்தியால் புரட்ட முடியாது. உதவிக்கு யாரையும் கூப்பிட மருமகளுக்கு மனம் வரவில்லை. மாமியாரே மறுபக்கம் போய்ப் பிடித்தாள். "தூக்கு," என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள். படகு கவிழ்ந்ததும் மருமகள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அதிகாரி வந்தார். "நீங்கதான் எல்லாத்தையும் விவரமாச் சொல்லுவீங்க, சொல்லுங்கம்மா," என்றார் மாமியாரிடம். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு மருமகளைக் கை காட்டினாள்.

மருமகள் முன்னால் வந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கூடியிருந்த சனம் தலையில் கை வைத்துக்கொண்டது.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு மீனுக்கா இவ்வளவு? நான் அனுமதி தரேன், பேசுங்கம்மா."

"நீங்க அனுமதி குடுக்க இது உங்க சட்டம் இல்லீங்க சார்," என்றாள் மருமகள்.

அவர் சிரிப்பு நின்றது. "அப்படியா? தலைவியே திருடினா நான் யாரை நம்பி ஏரியைக் குடுக்கிறது?"

மாமியாரின் முகம் சுண்டிப்போனது. பதில் சொல்லத் துடித்த வாயை மூடிக்கொண்டு நின்றாள், கண்ணீர்தான் வழிந்தது. அதைப் பார்த்ததும் மருமகளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் துணிச்சல்!

"ஏரி உங்க கையில இருந்தப்பவும் திருட்டு நடந்துச்சு சார். காவலுக்கு வந்தவங்களே பிடிச்சுத் தின்னாங்க. ஒருத்தராவது இப்படித் தலை குனிஞ்சு நின்னதைப் பார்த்திருக்கீங்களா? இதோ எங்க அத்தை நிக்கிறாங்க. இவங்களையே நம்பிக் குடுங்க."

துறையைப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. அவரையும் கூட வந்தவர்களையும் ஏற்றிப் போகும் அளவுக்கு ஊரில் இருந்தது கவிழ்ந்து கிடந்த அந்த ஒரு படகுதான். அவர் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு. கூட வந்தவரிடமிருந்து ஏரியை ஒப்படைக்கும் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு மருமகளிடம் நீட்டினார்.

"இனிமே யார் படகு கவுந்துச்சுன்னு எங்ககிட்ட சொல்ல வேண்டாம்மா. அதை நீங்களே பார்த்துக்குங்க."

சனத்தின் மகிழ்ச்சிக் கூச்சலில் கரையே அதிர்ந்தது. மாமியார் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நின்றாள்.