இறக்கத்துக்குப் பட்டன் இல்லை

என் முகத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்குச் சம்பளம் என் காலுக்குத்தான்.

பெண்கள் ஷூவில் ஏழாம் நம்பர் என்றால் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, புறங்கால் உயரம் இவ்வளவு என்று ஒரு அளவு உண்டு. அந்த அளவை அப்படியே எலும்பும் சதையுமாகச் செய்து வைத்த மாதிரி இரண்டு பாதங்கள் எனக்கு. ஓட்டத்துக்கான ஷூ செய்யும் எங்கள் கம்பெனியில் எந்தப் புது ஷூவானாலும் முதலில் ஏழாம் நம்பரில் ஒரு ஜோடி தைத்து என் காலில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். நான் 'சரி' என்றால் மொத்தமாகச் செய்ய அச்சு வெட்டுவார்கள். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தைப்பார்கள். அலுவலகத்தில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏழு வந்தாச்சா?", "ஏழு சாப்பிடப் போயிருக்காங்க" என்பதுதான் பேச்சு. எனக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. வீட்டில் பாத்திரம் கைதவறி விழுந்தால் என் வீட்டுக்காரர் பாத்திரத்தைப் பார்க்க மாட்டார், என் காலைத்தான் பார்ப்பார்.

ஷூ மாட்டிப் பார்ப்பது எப்போதும் காலையில்தான். வந்ததும் காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அளவுப் பலகையில் பாதத்தை வைத்து, ஏழுதான் என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் ஷூ. கால் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்தால்தானே ஷூவின் குறை தெரியும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் மலை வந்து குறுக்கே நின்றது.

"இனிமே நாமளும் மலை ஷூ பண்ணப் போறோம்" என்றார் மேனேஜர். ஓட்ட ஷூ விற்கும் கம்பெனியில் கூர்மூக்கு வைத்த தோல் ஷூ போட்டுக்கொண்டு திரியும் ஒரே ஆள் அவர்தான். அதற்குள் ஐந்து விரல்களும் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று எனக்குப் பல வருடமாகச் சந்தேகம். "பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இறங்கிட்டாங்க. மலை ஜாக்கெட், மலை பேன்ட், மலை ஷூ. நாம மட்டும் ஓடிக்கிட்டே இருந்தா எப்படி?"

"இவ்வளவு பேர் மலை ஏர்றாங்களா?" என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்குத் தலை நிமிரவே இல்லை. அத்தனை பேர் காலையும் பார்த்துக்கொண்டு வந்தேன். என் எதிரில் இருந்த அம்மா தடித்த பல் வைத்த மலை ஷூ போட்டிருந்தார். ஆர்வம் தாங்காமல், "எந்த மலைக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலையா? நான் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போறேன்" என்றார்.

அடுத்த வாரம் எங்கள் டிசைனர் மற்ற கம்பெனிகளின் மலை ஷூக்களை வாங்கி வந்து, ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து மேஜையில் பரப்பினார். தலைமுடியைவிட ஷூவின் மேல் அதிக அக்கறை உள்ள மனிதர் அவர். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டோம். அடியில் ஒரு பலகை, அதன் மேல் பஞ்சு, நடுவில் தண்ணீர் புகாத ஒரு படலம். முன்பக்கம் விரலுக்கு முன்னால் ஒரு காலி இடம்.

"இது எதுக்கு இவ்வளவு எடம் விட்டிருக்காங்க?" என்றார் மேனேஜர்.

"தெரியல. பழைய காலத்துப் பழக்கமா இருக்கும்" என்றார் டிசைனர்.

"அதை எடுத்துடுங்க. நம்ம ஷூ கால்ல ஒட்டுன மாதிரி இருக்கணும். நம்ம கம்பெனி பேர் வாங்கினதே அதுக்குத்தானே."

அந்தக் காலி இடம் எதற்கு என்று எனக்கும் குறுகுறுவென்று இருந்தது. ஆனால் அதற்குள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏழு, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது. ஓட்ட ஷூவைப் பாதியாக் குறைக்கிறோம். மலை ஷூவுக்கு மலை ஏர்ற கால் ஒண்ணு தனியா வேணும்னு மேல பேசிக்கிறாங்க. இந்த முதல் ஷூ உங்க கால்ல நல்லா அமைஞ்சு, நீங்க சரின்னு சொல்லி, நல்லபடியா வெளிய வந்துட்டா, நான் அந்தப் பேச்சை நிறுத்திடுவேன்."

"அமையலன்னா?"

"புதுக் கால் பார்ப்பாங்க."

முகம் போனால் பவுடர் போட்டுக்கொள்ளலாம். காலை வைத்துப் பிழைக்கிறவள் வேறு எந்த வேலைக்குப் போவது? எந்தக் கம்பெனி வாசலில் போய், 'ஐயா, எனக்கு ஏழாம் நம்பர் கால் இருக்கிறது' என்று சொல்வது?

சாம்பிள் ஷூ வந்தது. பச்சை நிறம், கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. மாட்டிக்கொண்டேன். அடேயப்பா, தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. ட்ரெட்மில்லில் ஏற்றத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தார்கள். வேர்க்க விறுவிறுக்க நடந்தேன், ஒரு இடத்தில்கூடக் கடிக்கவில்லை. 'சரி' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம், எதிலும் மூக்கை நுழைத்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். "ஒரே ஒரு தடவ நெஜமான மலைல போட்டுப் பாத்துட்டு சொல்றேனே" என்றேன்.

"மெஷின்லயே மலை இருக்கே!" என்றார் மேனேஜர். பிறகு, "சரி, திங்கட்கிழமை காலைல பதில் வேணும். அன்னைக்கு அச்சுக்குச் சொல்லிடுவோம்" என்றார்.

மலைக்குப் போக எனக்குத் தெரிந்த ஒரே துணை என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, பல் டாக்டர். ஆறு நாள் அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு ஏழாம் நாள் மலைக்கு ஓடிவிடுவாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். கேட்டால், "நமக்கு ஒரே அளவுதானே அண்ணி" என்பாள். அவள் பாதமும் ஏழுதான். அந்த விஷயத்தை நான் கம்பெனியில் மூச்சுவிட்டதில்லை.

"அண்ணி, நீங்களா மலைக்கு? லிஃப்ட் வரலன்னா வீட்டுக்குத் திரும்பிப் போற ஆளாச்சே!"

"ரொம்பப் பேசாத. என் கால் என்னன்னு உனக்குத் தெரியாது."

"தெரியுமே, சம்பளம் வாங்குற கால். தூக்கிட்டு வரவா?"

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஏற ஆரம்பித்தோம். கல், வேர், ஈர மண், சரளை. ஒவ்வொன்றிலும் ஷூ என்ன செய்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஈர மண்ணில் வழுக்கவில்லை. வேரில் கால் பிரளவில்லை. அவள் போட்டிருந்ததோ பல இடங்களில் நூல் விட்டுப்போன ஒரு பழைய பூட்ஸ். பாதி வழியிலேயே எனக்கு வாய் நீண்டுவிட்டது.

"என்னடி, இரும்புப் பெட்டியைக் கால்ல கட்டிக்கிட்டு வர்ற? இங்க பாரு, பூ மாதிரி."

"ஏறும்போது எல்லாமே பூதான் அண்ணி" என்றாள்.

உச்சியில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். நான் அங்கேயும் ஷூவைத்தான் பார்த்தேன். காலையில் மடித்து விட்ட சாக்ஸின் விளிம்பு கணுக்காலில் ஆழமாகப் பதிந்திருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்க ஆரம்பித்ததும் வந்தது வினை. ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் சரிந்து கட்டைவிரல் ஷூவின் மூக்கில் போய் முட்டியது. முதலில் லேசாக. பிறகு யாரோ சுத்தியலால் தட்டுவது போல. ஷூக் கயிற்றை இறுக்கினேன், தளர்த்தினேன், பக்கவாட்டில் நடந்தேன், கடைசியில் பின்பக்கமாகவும் இறங்கிப் பார்த்தேன். எதிரே ஏறி வந்த ஒரு பெரியவர் வழிவிட்டு ஒதுங்கி நின்று என்னை அதிசயமாகப் பார்த்தார். ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். கட்டைவிரல் நகம் நீலம் பாரித்திருந்தது. பாதம் பன் மாதிரி உப்பியிருந்தது. கழற்றிய ஷூவில் அது திரும்ப நுழையவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. இத்தனை வருடம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கால், யாரோ அந்நியர் கால் மாதிரி என் மடியில் கிடந்தது.

நாத்தனார் கிண்டல் செய்யவில்லை. பையிலிருந்து பட்டை வைத்த செருப்பை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டு, தன் பூட்ஸை என்னிடம் நீட்டினாள். போட்டேன். இதமாக இருந்தது. பூட்ஸின் நாக்குப் பட்டையைத் தூக்கி நம்பரைப் பார்த்தேன். எட்டு.

"ஏய், உனக்கு ஏழுதானே?"

"வீட்ல ஏழு. மலைல எட்டு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ரெண்டு நகம் போச்சு. அப்புறம் கடைல போய் பெருசாக் கேட்டேன். கால் வீங்குமில்ல, அப்புறம் இறங்கும்போது முன்னாடி போகுமில்ல? எடம் வேணாமா?"

அறுத்து வைத்த ஷூக்களும், அந்தக் காலி இடமும் கண் முன்னால் வந்தன. பழைய காலத்துப் பழக்கமாம்! மீதி வழி முழுக்க அவளைக் கேள்வியால் துளைத்தேன். எந்த நேரத்தில் வீங்கும், எவ்வளவு வீங்கும், எல்லோருக்குமா, உனக்கு மட்டுமா? "அண்ணி, நான் பல் டாக்டர்" என்று கும்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீக்கமெல்லாம் வடிந்துவிட்டது. அளவுப் பலகையில் வைத்தார்கள். அச்சு அசல் ஏழு. ஷூவை மாட்டினார்கள். நகம் மட்டும் லேசாக உறுத்தியது, மற்றபடி தோலோடு தோல். பாவி ஷூ, நேற்று எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு ஏழு?" என்றார் மேனேஜர். அச்சு வெட்டுகிறவர்களுக்குப் போன் போடத் தயாராகக் கையில் போனை வைத்திருந்தார்.

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் என் வேலைக்கு ஆபத்தில்லை, இந்தக் காலுக்கு வேலை உண்டு. சொல்லிவிடலாம் என்றுகூட வாயைத் திறந்தேன். சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாவுக்கு இந்த ஷூ போதும். ஆனால் அதே ஷூவை நம்பி ஒருத்தி உச்சிவரை போய்விட்டால்? அவளுக்குப் பூட்ஸ் கழற்றிக் கொடுக்க நாத்தனார் இருப்பாளா?

"மெஷினை இறக்கத்துக்குப் போடுங்க, சொல்றேன்" என்றேன்.

டிசைனர் ட்ரெட்மில் பக்கம் போனார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்.

"இறக்கத்துக்குப் பட்டன் இல்லையே" என்றார்.

"அப்போ நாம இதுவரைக்கும் மலை ஏறியிருக்கோம், இறங்கவே இல்ல" என்றேன்.

மேனேஜருக்கு முகம் சிவந்தது. "இத்தனை வருஷம் இந்த மெஷினை வெச்சுத்தானே—"

"ஓடுறவங்க கொஞ்ச நேரத்துல வீட்டுக்கு வந்து கழட்டிப் போட்டுடுவாங்க. மலைக்குப் போனவங்களுக்கு அங்க வீடு இல்ல. எனக்குச் சாயங்காலம்வரைக்கும் டைம் குடுங்க. கட்டடத்துல படி இருக்கு."

ஒரு பையில் ரப்பர் அடித்தட்டுகளை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு படியேறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். டிசைனர் கூடவே வந்தார், இரண்டு முறைக்குப் பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கணக்குப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "ஏழுக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அளவுப் பலகைக்கு வந்தேன். ஷூவைக் கழற்ற டிசைனர் இழுக்க வேண்டியிருந்தது. பாதத்தை வைத்தேன். அவர் பலகையின் தள்ளுகட்டையை விரல் நுனியில் முட்டும்வரை நகர்த்தினார். ஏழில் நிற்கவில்லை. தாண்டிப் போய் நின்றது.

"இது ஏழு இல்ல" என்றார் டிசைனர் மெதுவாக.

"இல்ல" என்றேன். என் பெயரை நானே அழித்த மாதிரி இருந்தது.

மேனேஜர் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க கால் மட்டும்தான் இப்படியா?"

"உங்க காலை வெச்சுப் பாருங்களேன்."

அவர் தயங்கினார். பிறகு ஆர்வம் ஜெயித்தது. ஒற்றைக் காலில் நின்றபடி கூர்மூக்கு ஷூவைக் கழற்றிப் பாதத்தை வைத்தார். நாள் முழுக்க நாற்காலியில் தொங்கிய கால் அது. தன் நம்பரைத் தாண்டி நின்றது. "அளவு தப்பு" என்று இன்னொரு காலை வைத்தார். அதுவும் தாண்டியது. அதற்குள் டிசைனர் கழற்றிவிட்டார், கணக்குப் பிரிவு கழற்றிவிட்டது, வாசலில் பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்கூடத் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். "என்னது பார், என்னது பார்!" என்று ஒரே கூச்சல். கால்களை நம்பியே பிழைக்கும் கம்பெனியில், சாயங்காலக் கால் எப்படி இருக்கும் என்று இதுவரை யாரும் பார்த்ததே இல்லை!

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. ஷூவைத் திரும்பப் போடப் பார்த்தார், ஏறவில்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸோடு என் முன்னால் வந்து நின்றார்.

"அச்சு இப்போ வெட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். "நாளைலேருந்து காலைல நீங்க வர வேண்டாம்."

எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தாலும் வலித்தது. பையை எடுக்கக் கையை நீட்டினேன்.

"சாயங்காலம் வாங்க" என்றார். "வரும்போது எங்கயாவது மலை ஏறி இறங்கிட்டு வாங்க."

அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அடியே, நாளைக்கு லீவு போட முடியுமா?"

"எதுக்கு அண்ணி? நகம் கழண்டு விழுந்துடும்!"

"விழட்டும்டி. வேலை விழல" என்றேன். "வரும்போது அந்த எட்டாம் நம்பரை எடுத்துட்டு வா. இந்தத் தடவ அறுக்க மாட்டோம், அளந்துட்டுத் தந்துடறோம்."