புல்லுக்குப் பின்னால் போன வீடு

கடலடிப் புல்லை மழித்தெறிந்த ஒன்பதாம் நாள், படகு மெக்கானிக்கின் வீடு கடலை நோக்கி நகரத் தொடங்கியது. நாளுக்கு ஒரு சாண். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. புரொப்பல்லரில் புல் சுற்றுகிறது என்று படகுக்காரர்கள் நச்சரித்ததால், இரண்டு படகுகளுக்கு நடுவே இரும்புச் சங்கிலி கட்டி இழுத்து, கரையோரக் கடலுக்கு மொட்டையடித்தவர் அவர்தான். அன்று அவரைத் தோளில் தூக்கிவைத்து ஆடாத குறை. அதன்பிறகு மணலைப் பிடித்துவைக்க வேரில்லை, அலையை அடக்க இலையில்லை. கடல் இருப்புக்கொள்ளாமல் கரையில் ஏறி ஏறி இறங்கியது. ஒளிந்து வளர இடமில்லாத மீன்குஞ்சுகள் கூண்டோடு கிளம்பிப்போயின. மற்ற வீடுகள் நின்ற இடத்தில் நிற்க, மெக்கானிக் வீடு மட்டும், அடுப்பில் வைத்த பால் தளும்பாமல், ஓராண்டில் ஆறு வீடுகளைத் தாண்டியது.

"அக்கா, நான் எந்த வாசல்ல கடுதாசி போட? போன வருஷம் பதினாலு, இப்ப இருபதுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க" என்று தபால்காரர் அலுத்துக்கொண்டார்.

"உங்க அண்ணனைக் கேளுங்க. நாலு ஜாக்கி வச்சு நிறுத்துனாரு. வீடு அதையும் சேத்து இழுத்துட்டு வந்திருச்சு" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. தையல்காரி, வாய்க்கும் ஊசிமுனைதான்.

கடலுக்கு நூறு சாண் மிச்சமிருந்தபோது, அவள் கணவனைக் கரையின் மறுமுனைக்கு அனுப்பினாள். அங்கே சங்கிலி படாத புல் கொஞ்சம் இருந்தது.

"கடலுக்குள்ள நாத்து நடச் சொல்றியே, ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். அவங்க வீடு நிக்குது, சிரிக்கிறாங்க. நம்ம வீடு நடக்குது."

அவர் முங்கி வேரோடு கொண்டுவந்த புல்லை அவள் சாக்குகளில் வரிவரியாகத் தைத்தாள். நாலாயிரம் சாக்குகள். அவர் அவற்றைக் கம்பியடித்துக் கடலடியில் விரித்தார். முதல் ஆயிரத்தைக் கடல் பிய்த்து மெக்கானிக் வீட்டுக் கொல்லைவாசலிலேயே எறிந்தது. ஒருமுறைகூட வீடு மாறி எறியவில்லை. அவள் அவற்றுக்கு இரட்டைத் தையல் போட்டாள். வேர் பிடிக்கப் பிடிக்க ஒரு சாண் நகர்ந்த வீடு ஒரு விரற்கடை நகர்ந்தது, பிறகு நூலிழை. மூன்றாம் ஆண்டு, கடலைப் பார்த்த பின்னறையில் முழங்காலளவு தண்ணீர் ஏறியபோது, அப்படியே நின்றுவிட்டது.

புல் அந்த அறைத் தரையிலும் முளைத்திருக்கிறது. படகுக்காரர்கள் கடலில் புல் இருக்கும் இடத்தில் என்ஜினை அணைத்துத் துடுப்புப் போடுகிறார்கள். தையல் மெஷின் இன்னும் பின்னறையில்தான். மிதிக்கும் முன் அவள் மீன்குஞ்சுகளைக் காலால் மெல்ல ஒதுக்கிவிடுகிறாள்.