எதிர்வீட்டுச் சூடு

காற்றுக்காரர் வீட்டு அடுப்பின் சூடு, தையல்காரரும் அவர் மனைவியும் இறந்த மறுவாரத்திலிருந்து, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. எதிர்வீடு அந்தத் தையல்காரருடையது. அது பூட்டிக் கிடந்தது. காற்றுக்காரரின் இரும்பு அடுப்பில் நெருப்பு இருந்தது, மஞ்சளாகத் துள்ளி எரிந்தது, கட்டை தீர்ந்தது, சாம்பல் விழுந்தது. சூடு மட்டும் இல்லை. அடுப்பின் மேல் வைத்த கெண்டித் தண்ணீர் மதியத்துக்குள் ஆடை கட்டிய பால்போல மெல்லிய பனிக்கட்டியைப் போர்த்துக்கொண்டது.

காற்றுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். அவர் தொழில் புகைபோக்கி சுத்தம் செய்வது. எந்த வீட்டுக்குப் போனாலும் கம்பிப் பிரஷ்ஷைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே அடுப்பின் கீழ்ப்பக்கம் குனிந்து, காற்று நுழையும் சின்னத் திறப்பின் கைப்பிடியைப் பார்ப்பார். அது மூடித்தான் இருக்கும். "காத்தைத் திறங்க, முதல்ல காத்தைத் திறங்க" என்பார். ஏனென்றால் அந்த ஊரில் அணையாத நெருப்பு என்பது ஒரு கௌரவம். ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது, எங்கள் வீட்டில் பதினாறு நாளாக நெருப்பு அணையவில்லை, எங்கள் வீட்டில் இருபத்திரண்டு நாள் என்று பேசிக்கொள்வார்கள். தீக்குச்சி கடன் கேட்டுப் போகிறவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற எல்லோரும் அடுப்பு நிறைய கட்டையைத் திணித்து, காற்றை அடைத்து, நெருப்பை மூச்சுத்திணறலில் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். அப்படி மூட்டம் போட்ட நெருப்பு எட்டு மணி நேரம் தாங்கும். ஆனால் புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. அது மெதுவாக மேலே ஏறி, குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் தார்போல ஒட்டிக்கொள்ளும். அடுக்கடுக்காக வழியை அடைக்கும். மேலே வழி அடைபட்டால் புகை கீழே திரும்பும். அதைவிடக் கெட்டது, புகையோடு கலந்து வருகிற, வாசனையே இல்லாத நச்சுக்காற்று. இதையெல்லாம் காற்றுக்காரர் வீடு வீடாக, சலிக்காமல், கையை ஆட்டி ஆட்டி விளக்குவார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அவர் படி இறங்கியதும் கைப்பிடியைத் தள்ளி மூடுவார்கள்.

தையல்காரர் வீட்டுப் புகைபோக்கியை அவர்தான் கடைசியாகச் சுத்தம் செய்தார். முக்கால்வாசி முடிந்தபோது வளைவில் பிரஷ் சிக்கியது. அதே சமயம் காற்றுக்காரரின் மனைவிக்கு மூச்சிரைப்பு கண்டுவிட்டது என்று தெருவிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டான். பிரஷ்ஷை உருவிக்கொண்டு, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னார். சொன்னவர், பழக்கதோஷத்தில், அடுப்போரம் தொங்கும் அட்டையில் தேதி போட்டு 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். தையல்காரர் அட்டையை நம்பினார். சுத்தம் செய்யும்போதும் கங்கைச் சட்டியில் எடுத்துக் காத்துவைத்த அவருடைய நெருப்புக்கு அன்று முப்பதாவது நாள். அதைக் கெடுக்கக் கூடாது என்று காற்றை அடைத்தார். மறுநாள் சட்டை வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். நகராட்சி ஆட்கள் வந்து புகைபோக்கியின் வாயைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனார்கள். அட்டையை யாரும் எடுத்துப் படிக்கவில்லை. காற்றுக்காரர் பிரஷ்ஷை மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தவர், பிறகு அதைத் தொடவில்லை.

சூடு போனதும் அவர் முதலில் தன் அடுப்பைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். மரமணி அடித்ததுபோலக் கணீரென்று கேட்டது. அப்படிக் கேட்டால் விறகு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரமென்றால் தொப்பென்று ஊமையாகக் கேட்கும், எரிகிற சூடெல்லாம் தன் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே செலவாகிவிடும். அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்தார். காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை, ஆக கதவு ஒழுகவில்லை. பெரிய கட்டைகளை அடியிலும் சின்னக் குச்சிகளை மேலேயும் அடுக்கி, உச்சியில் பற்றவைத்தார். தலைகீழ்ப் பாடம் என்று சிரிப்பார்கள். ஆனால் அப்படிச் செய்தால் கீழிருந்து வரும் புகை மேலே இருக்கும் ஜுவாலைக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும், எரிந்துபோகும். புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகி நன்றாக இழுக்கும். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடிக் கதவில் ஒரு பொட்டுக் கரி இல்லை. இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் கிணற்றுச் சுவரைத் தொட்டதுபோல இருந்தது. அடுப்பை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, கையுறையைக் கழற்றி, எரிகிற அடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'உபயோகிப்பவர் தவறு' என்று எழுதிக் கொடுத்தார். அதில் காற்றுக்காரருக்கு மறுப்பு எதுவும் இல்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மனைவி. மூன்று போர்வைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "ஏங்க, ஊரு பூரா கூரை வெள்ளையா இருக்கு. எதிர்வீட்டுல மட்டும் பனி நிக்கல. குருவியெல்லாம் அங்க வந்து குந்திக்கிட்டிருக்கு பாருங்க" என்றாள். அவர் பார்த்தார். நெருப்பில் இன்னொரு கட்டையைப் போட்டார். எதிர்வீட்டுக் கண்ணாடி வேர்த்தது. கட்டையை இழுத்தார், வேர்வை காய்ந்தது. ஐந்தாறு முறை செய்து பார்த்தார்கள். கணக்கு ஒருமுறையும் தப்பவில்லை.

மனைவியின் நெஞ்சுக்குக் குளிர் ஆகாது. அறை இதமாக இல்லாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பஸ் ஓட்டும் அவள் தம்பியின் வீட்டுக்குப் போனார்கள். காற்றுக்காரர் வாசல்படியைத் தாண்டிய அன்றே அந்த வீட்டு அடுப்பும் சூட்டை எதிர்வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது, அது எட்டுத் தெரு தள்ளி இருந்தும். மூன்றாம் நாள் தம்பியின் பிள்ளைகள் மூக்கை ஒழுகவிட்டபடி மேல்கோட்டோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். தம்பி தலையைச் சொறிந்தான்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. அக்கா எத்தன நாள் வேணாலும் இருக்கட்டும். நீங்க இருந்தீங்கன்னா வீடு ஐஸ் பொட்டியாயிடுது."

"அவர எங்கடா தனியா அனுப்பச் சொல்ற?" என்றாள் அக்கா. "ஒரு தெருவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னா மூஞ்சியப் பாத்துக்கிட்டாவது இருப்பேன். எட்டுத் தெருவுக்கு எனக்குக் கண்ணு தெரியாது."

திரும்பி வந்ததும் அவளே நகராட்சிக்குப் போய், மூச்சு வாங்க வாங்க மாடி ஏறி, எதிர்வீட்டுச் சாவியை வாங்கி வந்துவிட்டாள். காற்றுக்காரர் வழிமறித்து நின்றார்.

"அது செத்தவங்க வீடு."

"செத்தவங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு சூடு?"

அவர் வழியை விட்டார். கட்டிலை அவரும் தம்பியுமாகத் தூக்கிப் போனார்கள். தையல் மெஷினை ஒரு மூலைக்குத் தள்ளி, ஜன்னலோரம் நாற்காலி போட்டார்கள். அறைக்குள் வெயில் காய்வதுபோல இருந்தது. மூடப்பட்ட புகைபோக்கிக்குக் கீழே தையல்காரரின் அடுப்பு ஒரு கங்குகூட இல்லாமல் நின்றது. சூடு அதைச் சுற்றித்தான் வந்தது. அடுப்போரம் அட்டை இன்னும் தொங்கியது. அவள் அதை எடுத்துப் படித்தாள். பிறகு திருப்பி, எழுதாத பக்கம் தெரியும்படி மாட்டினாள். 

இப்படியாக அவர்கள் குடித்தனம் தெருவின் இரண்டு பக்கமும் நடந்தது. நல்ல நெருப்பு சின்ன நெருப்பு. சூடாக, வேகமாக எரிந்து தீர வேண்டும். ஆகவே முக்கால் மணிக்கு ஒருமுறை கட்டை போட வேண்டும். போட்டதும் காற்றை முழுக்கத் திறந்து, புதுக் கட்டையின் விளிம்பெல்லாம் கறுத்துப் பற்றும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு பாதிக்குக் குறைக்கலாம், அதற்குமேல் குறைக்கக் கூடாது. சாம்பலை ஒரு விரற்கடை விட்டுத்தான் அள்ள வேண்டும், அந்த மெத்தை மேல்தான் கங்கு உட்காரும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் வெளியே கல்தரையில் மூன்று நாள் வைக்க வேண்டும், ஏனென்றால் செத்ததுபோலக் கிடக்கும் சாம்பலுக்குள் கங்கு கண் விழித்திருக்கும். இவ்வளவும் போக அவருக்கு எதிர்வீட்டில் உட்காரக் கிடைப்பது ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். போனதும் கடிகாரத்தைப் பார்ப்பார். "வந்துட்டாருப்பா கலெக்டரு, கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க" என்பாள் அவள். அவரை ஒருநாள் பொழுது அக்காவோடு விடுவதற்காகத் தம்பி அடுப்பைப் பார்த்துக்கொள்ள வந்தான். கம்பளிக் குல்லாய் மேல் குல்லாய் போட்டு உட்கார்ந்தவன், இரண்டாவது கட்டைக்கே உதடு நீலமாகி எழுந்து ஓடினான். "மாமா எப்படித்தான் இருக்காரோ, மனுஷனா மரமா தெரியல" என்றான். அவர் எப்படி இருந்தார் என்றால், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவள், "ஒரு நாள், ஒரே ஒரு மத்தியானம், எந்திரிச்சு ஓடாம என்கூட இருங்களேன்" என்று கேட்டாள். அவள் எதையும் கேட்கிறவள் அல்ல. மறுநாள் காற்றுக்காரர் வாழ்நாளில் முதல்முறையாக அடுப்பு நிறையக் கட்டையைத் திணித்தார். கைப்பிடியைக் கையால் தள்ள மனம் வராமல் காலால் தள்ளி மூடினார். கண்ணாடி உடனே பழுப்பாகியது. அவர் அதைப் பார்க்காமல் தெருவைக் கடந்தார். அன்று இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சீட்டாடினார்கள். அவள் இரண்டு முறை ஏமாற்றினாள், அவர் இரண்டு முறையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் அவள் சீட்டைக் கீழே வைத்து, தலை கனக்கிறது, ஒன்றுமில்லை, தூக்கம்தான் என்றாள். காற்றுக்காரருக்கும் தலை கனத்தது. அவர் வெறும் சூடுதான் தெருவைக் கடக்கிறது என்று நினைத்திருந்தார். நெருப்பில் என்ன இருந்ததோ அதெல்லாம்தான் கடந்துகொண்டிருந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, உறைந்த தெருவில் உட்காரவைத்து, முகத்தில் அறைந்து அறைந்து மூச்சு விட வைத்தார். கண்ணைத் திறந்தவள் வெகு நேரம் கழித்துச் சொன்னாள்: "சீட்டுல நான்தான் ஜெயிச்சேன். மறந்துடாதீங்க."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் கைப்பிடியைப் பாதிக்குக் கீழே விடவில்லை. அவள் நெஞ்சு அந்த மத்தியானத்துக்கு முன்னிருந்த இடத்துக்குத் திரும்பவே இல்லை. தெருவில் பனி இறுகியபோது கால் மணி நேரம் பத்து நிமிடமாயிற்று. அவர் முழங்கால் போனபோது அது ஜன்னல் வழியாகக் கையாட்டுவதாயிற்று. கட்டை போட்டதும் அவர் கையைத் தூக்குவார், எதிரே அவள் தூக்குவாள். ஊர்க்காரர்கள் இரண்டு ஜன்னலுக்கும் நடுவே தலை குனிந்து நடந்து போகப் பழகினார்கள், குறுக்கே கட்டிய துணி காயும் கயிற்றுக்குக் குனிவதுபோல.

நான்காவது குளிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, காற்றுக்காரர் கட்டை போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். அவள் தூக்கவில்லை. நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. புதுக் கட்டையின் விளிம்பு இன்னும் கறுக்கவில்லை. அவர் நின்றார். அது கறுத்துப் பற்றி, ஜுவாலை மஞ்சளாகும்வரை, ஜன்னலைப் பார்த்தபடி நான்கு நிமிடம் நின்று, கைப்பிடியைப் பாதிக்கு இழுத்துவிட்டுப் பிறகுதான் தெருவைக் கடந்தார். அறை இதமாக இருந்தது. அவள் கையும் இதமாக இருந்தது, அறை அப்படி என்பதால். அந்த நான்கு நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். காற்றுக்காரர் அவரிடம் எந்த நான்கு நிமிடம் என்பதை இரண்டு முறை விளக்கினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடிந்ததும் தம்பி வந்தபோது, காற்றுக்காரர் சாம்பலை ஒரு விரற்கடை விட்டு அள்ளிவிட்டு, பெரிய கட்டையை அடியில் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, இனிமே யாருக்கு?"

"புகைபோக்கி குளுந்துட்டா கரி படியும்" என்றார் அவர்.

தம்பி வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று போனான். அடுத்த வருஷம் நகராட்சி அவன் ஓட்டும் பஸ்ஸுக்கு அந்தத் தெருவில் நிறுத்தம் போட்டது. நிற்கிறவர்கள் தையல்காரர் வீட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போய், கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டிப் பிடித்து, ரொட்டி விலை பேசி, பஸ் வந்ததும் போனார்கள். சூடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நகராட்சியின் பொது வசதிப் பட்டியலில், குடிநீர்க் குழாய் நான்கு என்பதற்கும் கழிப்பறை இரண்டு என்பதற்கும் நடுவில், சூடான அறை ஒன்று என்று இருக்கிறது.