சிவப்புப் புள்ளி வைத்த புஷ்

என் மகள் லிபியா பள்ளிக்கூடத்தில் மறுசுழற்சித் தலைவி ஆன நாளிலிருந்து, வீட்டுக் கொடியில் என் சட்டைக்கு இடமில்லை. கழுவிய பால் கவர்கள்தான் கிளிப் மாட்டித் தொங்கும். ஷாம்பு பாக்கெட்டைக் குளியலறை ஜன்னல் வழியே வீசினால், போய்ப் பொறுக்கிவந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். என் மனைவி சாராளுக்கு ஒரே கொண்டாட்டம். கட்டின பெண்டாட்டி சொல்லிக் கேட்காத மனுஷன் அஞ்சாங்கிளாஸ் பெண்ணுக்குப் பயப்படுகிறானே என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூக்கண்டப்பள்ளியில் அது ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி. திட்டத்தைத் தொடங்கி வைத்தது நிர்மலா மிஸ் என்றாலும், நடத்துவது முழுக்கப் பிள்ளைகள்தான். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் காகிதம், பிளாஸ்டிக், உலோகம் என்று பெட்டிகளை முன்னால் இழுத்துப் போடுவார்கள். கொண்டுவந்தவர்கள் தங்கள் பேர், பொருள், அது எங்கிருந்து வந்தது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியில் போடவேண்டும். அந்த மூன்றாவது கேள்வி லிபியா போட்ட சட்டம். எடை கூட வேண்டுமென்று ஒரு பையன் எழுதாத நோட்டையே கிழித்துக் கொண்டுவந்து போட்டானாம். அதிலிருந்து எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் ஒரு குண்டூசிகூட உள்ளே போகக்கூடாது.

உலோகப் பெட்டி மட்டும் நிறையவே இல்லை. இரும்பும் தகரமும் பழைய இரும்புக்கடையில் காசாகும்போது யார் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள்? பெட்டிகளை வாங்கிக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிறார் என்றதும் லிபியாவுக்குச் சோறு இறங்கவில்லை. காலிப் பெட்டியைக் காட்டினால் மானம் போய்விடும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

அந்தக் கம்பெனி நான் வேலை செய்கிற கம்பெனி. அங்கே நான் கான்ட்ராக்ட் ஆள், மெஷின் ஓட்டுகிறேன். வண்டி எஞ்சினுக்குள் போகிற பித்தளை புஷ், பார்க்கக் கனத்த மோதிரம் மாதிரி இருக்கும், அதைக் கடைந்து எடுப்பது என் வேலை. அளவு தப்பினால் சிவப்புப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்துக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவோம். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். எப்படியும் உருக்கப்போகிற சாமான், அங்கே உருகினால் என்ன, பள்ளிக்கூடத்து வழியாக உருகினால் என்ன என்று தோன்றியது. கேட்டில் கைக்குட்டையை உதறிக் காட்டச் சொல்கிற கம்பெனி என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் டிபன் டப்பாவில் மிச்சச் சோற்றுக்கு அடியில் ஒரு புஷ்ஷை வைத்து எடுத்துவந்தேன்.

எங்கிருந்து வந்தது என்ற அதே கேள்வி வீட்டிலும் வந்தது. கம்பெனியில் கொடுத்தார்கள் என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். லிபியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கம்பெனி ஆள் வருகிற நாளில் வைத்த விழாவுக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு நைட் ஷிப்ட் என்பதால் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கம்பெனியிலிருந்து வந்தவர் எச்.ஆர். சார். கம்பெனியில் இருக்கிற அத்தனை பேரில் என் முகம் அவருக்குத் தெரியாது. புஷ்ஷைத் தெரியாமல் இருக்குமா?

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சொல்லிப் போட்டார்கள். தலைவி கடைசியில் வந்தாள். கையில் வைத்திருந்ததைப் பொன்னைக் காட்டுவதுபோலத் தூக்கிக் காட்டினாள்.

"பேரு லிபியா. பித்தளை புஷ்."

எச்.ஆர். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை வாங்கித் திருப்பி, சிவப்புப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று அவரே கேட்டார். லிபியா சிரித்துக்கொண்டே என்னைத் தேடினாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இவ்வளவுதான் ஆட்டினேன், பக்கத்தில் இருந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. என் பிள்ளைக்குத் தெரிந்தது. அவள் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"ரோட்டுல கெடந்துச்சு சார்," என்றாள். "சிப்காட் ரோட்டுல."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் புஷ்ஷைப் பெட்டியில் போடாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீடு திரும்பும்போது லிபியா என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. "கம்பெனியில குடுத்தாங்கன்னு நீதானப்பா சொன்ன," என்று மட்டும் கேட்டாள். பேசாமல் வா என்று அதட்டினேன். பதில் இல்லாதபோது அதட்டல்தானே கைவசம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி கேட்டில் வெங்கடசாமி நின்றுகொண்டிருந்தான். கழிவு லாரியில் லோடு ஏற்றுகிறவன். தெலுங்கும் தமிழும் கலந்து ஊரையே சிரிக்க வைக்கிறவன். புஷ் ரோட்டில் கிடந்தது என்றால், இவன்தான் லாரியிலிருந்து சாமானை உதிர்த்துவிட்டுப் பிறகு போய்ப் பொறுக்கி விற்கிறான் என்று எச்.ஆர். சார் முடிச்சுப் போட்டுவிட்டாராம். இனிமேல் உள்ளே விடக்கூடாது என்று செக்யூரிட்டிக்கு உத்தரவு. போகிற வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் எடுக்கல அண்ணா," என்று என்னிடமும் சொன்னான். "நீங்களாச்சும் உள்ள போய்ச் சொல்லுங்க அண்ணா."

சொல்கிறேன் என்று முனகிவிட்டு உள்ளே போனேன். அன்று ராத்திரி முழுக்க என் மெஷினில் அளவு தப்பிக்கொண்டே இருந்தது. சிவப்புப் புள்ளி வைத்து வைத்துக் கை ஓய்ந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வேலை போனால் வாடகை, சாராளின் சீட்டுப் பணம், லிபியாவின் படிப்பு என்று நியாயங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நியாயமெல்லாம் வெங்கடசாமி வீட்டிலும் இருக்கும் என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

வெங்கடசாமியின் மகன் ஹரீஷ்குமார் லிபியாவின் வகுப்பு. பிளாஸ்டிக் பெட்டி அவன் பொறுப்பு. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, ஆந்திராவில் குப்பம் ஊரில் இருக்கிற மாமா வீட்டுக்கே போகப்போகிறோம் என்று அவன் லிபியாவிடம் சொல்லியிருக்கிறான். ஏன் போயிற்று என்பதையும் சொல்லியிருக்கிறான்.

அடுத்த திங்கட்கிழமை மாலை லிபியாவைக் கூட்டிவரப் போனபோது நிர்மலா மிஸ் என்னை நிறுத்தினார். காலையில் பிள்ளைகள் கொண்டுவந்ததை அப்படியே கொட்டினார்களாம். தலைவி யாரிடமும் எங்கிருந்து என்று கேட்கவில்லை. பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா சார் என்று கேட்டார். நான் லிபியாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் லிபியா கொடியிலிருந்து பால் கவர்களை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"நானே பொய் சொல்லிட்டேன். இனிமே மத்தவங்கள எப்படிப்பா கேக்கறது?"

என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யைத் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டினேன். எங்கே போகிறாய் என்று சாராள் கேட்டாள், திரும்பி வந்து சொல்கிறேன் என்றேன்.

எச்.ஆர். சாரின் மேஜைமேல் காகிதங்களுக்குப் பாரமாக அந்தப் புஷ்தான் உட்கார்ந்திருந்தது, சிவப்புப் புள்ளி மேலே தெரிய. என்னய்யா விஷயம் என்று தலை நிமிராமலே கேட்டார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. என் பிள்ளையின் சட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"பேரு அருள்ஜோசப்," என்றேன். "பித்தளை புஷ். என் டிபன் டப்பாவுல வந்துச்சு சார்."